கண்ணைக் கட்டிக்கொண்ட ஒரு வெள்ளிக்கிழமை

நாட்குறிப்பைப் பார்த்தே சொல்கிறேன். ஆனி மாதம், புதன்கிழமை, காலை பதினொன்றே முக்கால். தபால்காரர் பழுப்பு நிற உறை ஒன்றைக் கொடுத்து என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மறக்காமல் புதுப்பித்து, ஒன்பது ஆண்டுகள் காத்திருந்த ஆசிரியை வேலை. எண்பதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு அது லேசில் கிடைக்கிற காரியம் இல்லை. நரிக்குடிக்கு அப்பால், வீரசோழன் போகும் வழியில் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளி. பதினைந்து நாட்களுக்குள் சேர வேண்டும். தவறினால் உத்தரவு ரத்தாகிவிடும்.

அப்போது நாங்கள் திருச்சுழியில் இருந்தோம். வீட்டின் முன்னறைதான் எங்கள் பலசரக்குக் கடை. வீட்டில் மூன்று பேர்: கணவர், அவருடைய அம்மாவான என் அத்தை, நான். மகள் பிறந்தது அதற்குப் பிறகு.

கணவருக்கு அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பார்வை முழுவதும் போய்விட்டது. கல்யாணமான புதிதில் மாலைக்கு மேல் தடுமாறுவார். பிறகு பகலிலும் ஓரங்கள் மறைந்தன. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் கண் நரம்பு காய்ந்துவிட்டது என்றார்கள். மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் செய்து சாத்தினோம். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் கடையை அவர் விடவில்லை. மல்லி, வத்தல், உளுந்து, துவரை எல்லாம் அவர் கைக்குத் தெரியும். மூட்டைகள் எந்த வரிசையில் இருக்க வேண்டும் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தோம். அந்த வரிசை கலையாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

பள்ளிக்குப் போகும் பஸ் காலை ஏழரைக்குப் புறப்படும். திரும்பி வர மாலை ஆறாகும். அவ்வளவு நேரம் அவரை விட்டுவிட்டுப் போவதா என்பதுதான் கேள்வி. உத்தரவை மடித்த மடிப்பிலேயே பிரித்துப் படித்துத் திரும்ப மடித்து வைத்தேன். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை. போக வேண்டும் என்ற ஆசை இருந்தது. அந்த ஆசையைப் பற்றி வெட்கமும் இருந்தது.

அந்த வருடம் மழை பொய்த்திருந்ததால் ஊரில் பாரதம் படித்தார்கள். மழைக்காகப் படிப்பது பாண்டவர்கள் மறைந்து வாழ்ந்த பகுதியைத்தான். ஆனால் கதையை முதலிலிருந்து தொடங்கி அங்கே போய்ச் சேர்வது எங்கள் ஊர் வழக்கம். நூல் கடைக்காரர் ஒருவர் மாலை ஐந்து மணிக்குக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து படித்துப் பொருளும் சொல்வார். அந்த ஞாயிற்றுக்கிழமை, குருட்டு ராஜாவுக்கு வாழ்க்கைப்பட்ட மகாராணியின் கதை. மாப்பிள்ளைக்குப் பார்வை இல்லை என்று அறிந்ததும் பட்டுத் துணியை எடுத்துத் தன் கண்களைக் கட்டிக்கொண்டாள். கணவனுக்கு இல்லாத வெளிச்சம் தனக்கும் வேண்டாம் என்று சாகும் வரைக்கும் அப்படியே இருந்தாள்.

எனக்குப் பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்தாள். "நம்ம ஊருலயும் ஒரு மகாராணி இருக்காக."

அவளுக்கு அடுத்து இருந்தவள் சிரிக்காமல் சொன்னாள்: "இவுகளுக்குத்தான் கவர்மெண்டு உத்தியோகம் வந்திருக்கே. அந்தக் காலத்துல நரிக்குடிக்கு பஸ்ஸு கெடையாது. அதான் அந்த மகாராணி கண்ணைக் கட்டிக்கிட்டு வீட்டுல இருந்துட்டாக."

இரண்டு மூன்று பேர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு நடக்கும்போது அத்தை சொன்னார்: "நான் உன்னைப் போகாதன்னு சொல்லலத்தா. பகல் பூரா அவன் ஒத்தையில கெடப்பானேன்னுதான். என்னையக் கடையில உக்கார வச்சா, எந்திரிக்க வைக்க ஒரு ஆளு வேணும்."

அவருக்கு மூட்டு வலி. சொன்னதில் பொய் இல்லை.

அன்றே முடிவு செய்துவிட்டேன். மூன்று வெள்ளிக்கிழமைகள், விடிந்ததிலிருந்து விளக்கேற்றும் வரை, மஞ்சளில் நனைத்த துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டு வேலை செய்வது. அவருடைய இருட்டில் நானும் கொஞ்சம் இருந்தால் இந்த வேலை ஆசை தானாக விட்டுப்போகும் என்று நம்பினேன். இன்னொரு கணக்கும் இருந்தது. முதல் வெள்ளி, உத்தரவு வந்த பத்தாம் நாள் வருகிறது. இரண்டாவது வெள்ளிக்கு முன்பே கெடு முடிந்துவிடும். வேண்டாம் என்று நான் வாய் திறந்து சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. அத்தையிடம் மட்டும் சொன்னேன், கணவரிடம் சொல்லவில்லை. அவருக்காகச் செய்வதை அவரிடம் சொன்னால் விரதத்தின் பலன் போய்விடும் என்று எங்கள் வீடுகளில் ஒரு எண்ணம் உண்டு.

வெள்ளிக்கிழமை அத்தைக்குப் பந்தல்குடியில் ஒரு காதுகுத்து. புறப்படும் முன் அவரே முடிச்சுப் போட்டுவிட்டார். "பொழுது அடையாம அவுத்துராத தாயி" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். மணி ஏழு.

என் அடுக்களையில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்திருந்தேன். பொருள்களை வைத்ததே நான்தானே. ஆனால் அரை மணி நேரத்தில் ஒன்று தெரிந்தது. என் கை பழகியதெல்லாம் கண்ணோடு சேர்ந்து பழகியது. உப்பென்று எடுத்தது கோலமாவு. மூடியைத் தேடிக் குனிந்தால் தட்டு விழுந்தது. ஒன்றை எடுத்தால் அதன் இடம் எங்கே என்று திரும்பத் தெரியவில்லை. கைக்கு எட்டிய இடத்தில் வைத்தேன்.

பத்து மணிக்கு மல்லி வாங்க வந்த ஒரு பெண் நடைவழியில் எட்டிப் பார்த்துவிட்டாள். "என்னக்கா, கண்ணுல கட்டு?"

நான் அவசரமாக வாயில் விரல் வைத்தேன். அதற்குள் கடையிலிருந்து அவர் கேட்டார்: "யாருக்குக் கண்ணுல கட்டு?"

"லேசா மெட்ராஸ் ஐங்க" என்றேன்.

"கிட்ட வராத, எனக்கு ஒட்டிக்கிரும்" என்றார். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். பார்வை போனதைப் பற்றி அவர் இப்படித்தான் பேசுவார்.

பதினொன்று இருபதுக்கு அவர் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். கடையிலிருந்து பானைக்குப் பதினோரு எட்டு. கையை நீட்டாமல், சுவரைத் தொடாமல், யாரும் நடப்பது போல நடந்து வருவார். நான் காய் நறுக்கிவிட்டு அரிவாள்மணையை அம்மிக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துச் சாத்தியிருக்க வேண்டும். சாத்தியதாகத்தான் நினைத்தேன். எட்டாவது எட்டில் அவர் குரல் கேட்டது.

"வழியில என்னமோ கெடக்கே."

நான் சத்தம் வந்த பக்கம் தவழ்ந்து போனேன். தரை ஈரமாக இருந்தது. சொம்பு கவிழ்ந்துவிட்டது என்று நினைத்து, கையை மூக்கருகே கொண்டுபோன பிறகுதான் புரிந்தது. துணியைப் பிடித்து இழுத்தேன். முடிச்சு அவிழவில்லை. தலைக்கு மேல் உருவி எறிந்தேன். இடது உள்ளங்கால் குறுக்காக வெட்டுப்பட்டிருந்தது.

"என்ன அது?"

"அருவாமணை."

"அது இங்க வராதே" என்றார். வலியைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது அவர் குரலில்.

அவரை உட்கார வைத்து, கைக்குக் கிடைத்த துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். அது அந்தத் துணிதான்.

"மஞ்ச வாசம் அடிக்குது. ஈரமா இருக்கு. என்ன துணி இது?"

சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கேட்ட கதையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"காலையிலருந்தா கட்டியிருந்த?"

"ஏழு மணியிலருந்து."

"அப்ப மெட்ராஸ் ஐ?"

"பொய்."

காலிலிருந்த கட்டைத் தடவிப் பார்த்தார். "ஏ பிள்ள, ஒண்ணு சொல்றேன் கேளு. மூணு வருசத்துல இன்னைக்குத்தான் எனக்குக் கண்ணு தெரியல."

நான் அழுதேன். எழுதும்போது அதை விட்டுவிடலாம் என்று தோன்றியது. ஆனால் குறிப்பில் இருக்கிறது.

"உனக்கு அந்த வேலைக்குப் போகணும்னு இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"இருக்கு" என்றேன். அந்தப் பத்து நாளில் வாய்விட்டு அதைச் சொன்னது அப்போதுதான்.

"அப்ப போ. கட்டுறதுன்னா என் கால்ல நல்லா இறுக்கிக் கட்டு."

அரசு ஆஸ்பத்திரியில் நான்கு தையல் போட்டார்கள். திரும்பும் வழியில் ரிக்‌ஷாவில் அந்த மகாராணியைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன். அவளுடைய அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்த ராஜாவை யாராவது கேட்டார்களா? எனக்காகக் கட்டிக்கொள் என்று அவர் சொன்னதாக நான் கேட்டதில்லை. பின்னால் போர் வந்தபோது, களத்தில் நடப்பதை அவருக்குச் சொல்ல வேறொரு ஆள் வேண்டியிருந்தது. மனைவி பக்கத்திலேயே இருந்தாள். அவளாலும் பார்க்க முடியவில்லை. நான் பெரிய படிப்பாளி இல்லை. பாரதத்துக்குப் பொருள் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. எங்கள் வீட்டு அடுக்களைக்கு எது பொருந்தாது என்பது மட்டும் தெரிந்தது.

அத்தை அந்தி நேரத்தில் வந்தார். மகனுடைய காலையும் என் முகத்தையும் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்கவே இல்லை. சமையலறையில் போய்ச் சிதறிக் கிடந்த டப்பாக்களைப் பார்த்துவிட்டு வந்து, "முடிச்சுப் போட்டவ நான்தான்" என்றார்.

"நீ போட்ட முடிச்சு அவுரவே இல்லையாம்மா, உருவித்தான் எடுத்தாளாம்" என்றார் அவர்.

"உனக்கு எல்லாம் கேலிடா" என்று அத்தை மூக்கைச் சிந்தினார். பிறகு என்னைப் பார்த்து, "என்னைக்கு சேரணும்?" என்றார்.

"புதன்கிழமை கடைசி நாள்."

"நான் என்ன செய்யணும்?"

அங்கேதான் உண்மையான சிக்கல். அத்தை ஒரு பொருளையும் எடுத்த இடத்தில் வைக்காதவர். உலக்கையை வாசலில் விடுவார், வாளியை நடுக்கூடத்தில் விடுவார். இத்தனை நாளும் அவர் பின்னாலேயே நடந்து நான்தான் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். நான் பஸ்ஸில் ஏறிவிட்டால் அதைச் செய்ய ஆள் கிடையாது. இதை மருமகள் நான் எப்படிச் சொல்வது? கணவரே சொன்னார்.

"எம்மா, நீ கடையில உக்கார வேணாம், கல்லாவப் பாக்க வேணாம். எடுத்ததை எடுத்த எடத்துல வையி. அது போதும்."

"இந்த வயசுல என்னைப் பள்ளிக்கூடத்துல சேத்துவிடுற" என்றார் அத்தை.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் அதுதான் வேலை. வாளிக்கு ஒரு மூலை, உலக்கைக்கு ஒரு மூலை, அரிவாள்மணைக்குச் சுவரில் ஒரு ஆணி. அத்தை பதினேழு தடவை தவறினார். எண்ணியது அவர் மகன். ஒவ்வொரு தடவையும் கடையிலிருந்தே, "அது வாளிச் சத்தம், ஆனா வாளி எடம் இல்ல" என்பார்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை வைத்தோம். வேலையில் சேராமலே நான் ஏழரை பஸ்ஸில் போய்விட்டு மாலை வர வேண்டும். இடையில் என்ன ஆனாலும் அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்தேன். ஒரே கட்டடம், இரண்டு வகுப்பறை. பக்கத்தில் ஆடுகள் மேய்ந்தன. நரிக்குடி பஸ் நிறுத்தத்தில் ஒரு முழுப் பகலும் உட்கார்ந்திருந்தேன். திருச்சுழிக்குத் திரும்பும் இரண்டு பஸ்ஸைப் பார்த்து எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். வீரசோழனுக்குப் போகிற ஒரு பாய் வீட்டு அம்மா, "யாருக்கும்மா காத்திருக்க?" என்றார். "சாயங்காலத்துக்கு" என்றேன். அவர் பையிலிருந்து ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.

ஆறு மணிக்கு இறங்கி ஓடினேன். வீட்டில் ஒன்றும் நடந்திருக்கவில்லை. ஒரு ஆளுக்குச் சீரகத்துக்குப் பதில் கணவர் சோம்பு போட்டுக் கொடுக்க, அந்த ஆள் பாதி வழியிலிருந்து திரும்பி வந்து மாற்றிக்கொண்டு போயிருக்கிறார். அது பார்வை உள்ளவர்களும் செய்வதுதான்.

புதன்கிழமை, பதினைந்தாம் நாள், முற்பகல், பணியில் சேர்ந்தேன். தலைமையாசிரியர் பணியேற்பு அறிக்கையில் நேரத்தை என்னையே எழுதச் சொன்னார். ஒன்பது பத்து என்று எழுதினேன். மூன்றாம் வகுப்பைக் கொடுத்தார்.

அன்று மாலை வந்தபோது வாசலிலேயே அத்தை பிடித்துக்கொண்டார். "உன் புருசன் என்னை அதட்டுறான்த்தா. டம்ளரை அங்க வைக்காத, இங்க வைக்காதன்னு. நீ எவ்வளவோ தேவலை."

கடைக்குள்ளிருந்து அவர் குரல் கொடுத்தார்: "பிராது அப்புறம் கொடுக்கலாம். வந்தவளுக்கு முதல்ல காப்பியக் குடு. கருப்பட்டி டப்பா இடப்பக்கம், ரெண்டாவது தட்டு."

அத்தை முனகிக்கொண்டே போனார். டப்பா திறக்கும் சத்தமும், அது அதே தட்டில் திரும்ப வைக்கப்படும் சத்தமும் கேட்டன. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு ஒருவர் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தது அன்றைக்குத்தான். கருப்பட்டி சற்றுத் தூக்கலாக இருந்தது. குடித்து முடித்தேன். மறுநாள் மூன்றாம் வகுப்புக்கான பாடக் குறிப்பை எழுத உட்கார்ந்தேன்.