கை விரித்து நடந்த ஒழுங்கை

காலையில் றகுமா ராத்தாவின் மகன் தொலைபேசியில் அழைத்தான். "உம்மா மௌத்தாகிட்டா, அன்ரி." அம்புலன்ஸ் தெருமுனைவரை வந்து நின்றதாம். ஒழுங்கைக்குள் நுழைய இடமில்லை. பிளாஸ்டிக் கதிரையில் இருத்தித் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். பாதி வழியிலேயே மூச்சு அடங்கிவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

இந்த அஞ்சலியை வாசிக்கும், அவரை அறிந்த உங்களுக்கு அந்த ஒழுங்கையையும் தெரியும். துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள அந்தக் குடியிருப்பின் மாதர் சங்கத்துக்கு அவர் தலைவி, நான் செயலாளர். தண்ணீர் பவுசர் லொறியும் அம்புலன்சும் உள்ளே வரவேண்டும் என்பதுதான் எங்கள் பிடிவாதம். பின்னேரங்களில் நாங்கள் இருவரும் கைகோத்து, மற்றக் கைகளை விரித்துக்கொண்டு ஒழுங்கை நீளத்துக்கும் நடப்போம். யாருடைய வேலித் தகரம் விரலில் முட்டுகிறதோ, அந்த வீட்டார் வேலியைப் பின்னே எடுக்க வேண்டும். ஏசிக்கொண்டாவது எடுத்தார்கள்.

பிறகு சனம் பெருகியது. நிலாவெளி ஹோட்டல்களிலும் துறைமுகத்திலும் கூலிவேலை தேடி வந்தவர்களுக்கு வேறு எங்கே இடம்? ஒரு மாரியில் மூதூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம் ஒன்று ஒழுங்கைக்குள்ளேயே கொட்டில் போட்டது. ஏலாது என்று நான் சண்டைக்குப் போனேன். ராத்தா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"அதுகளும் எங்கயாவது இருக்கத்தானே வேணும், தங்கச்சி. கடலுக்க போகச் சொல்லுறதா?"

அதன்பின் வேறு யாரையும் தடுக்க அவருக்கு வாய் வரவில்லை. வீடு வீடாக வேலிகள் முன்னே வந்தன. வேறு காணி கேட்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறினோம். அனுமதியில்லாத குடியிருப்புக்கு ஒன்றும் செய்ய ஏலாதாம். திரும்பி வரும்போது ராத்தா சொன்னார்: "வோட்டுக் கேக்க வரக்குள்ள மட்டும் இவங்களுக்கு எங்கட வழி தெரியுது."

ஜனாஸாவைச் சுமக்கும் சந்தூக்கு அன்று அந்த ஒழுங்கையால் போக வேண்டியிருந்தது. யாரும் கேட்கவில்லை, இரண்டு பக்கமும் தகரங்களைக் கழற்றினார்கள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஒழுங்கை அகலமாகக் கிடந்தது.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பி வந்தார்கள். அந்தி மஃரிப் தொழுகைக்கு முன்னமே ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. முதலில் அடித்தது ராத்தாவின் மகன். அழுதுகொண்டுதான் அடித்தான். அந்தத் தகரத்துக்குப் பின்னால்தான் அவனுடைய பிள்ளைகள் படுக்கிறார்கள்.

ராத்தா பிடித்து நடந்த இந்தக் கைதான் எனக்கு மிச்சம். மற்றக் கையை விரிக்க அங்கே இடமில்லை.