கனி பாயின் நான்கு வட்டாரங்கள்

பருப்பு மூட்டைகள் லாரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது, சங்கத்துக் காரியதரிசி வந்து கனி பாய் காலமாகிவிட்டார் என்றார். வருத்தம் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் மாலையில் அடக்கத்துக்குப் போய், ஊர்க்கோடியிலுள்ள சாங்கியிலிருந்தும் பொங்கோலிலிருந்தும் லாரி பிடித்து வந்திருந்த கூட்டத்தைப் பார்த்ததும், என் சாவுக்கு இத்தனை பேர் வருவார்களா என்றுதான் நினைத்தேன். அவரை அறிந்த உங்களிடம் இதை மறைத்து என்ன பயன்?

நம் வியாபாரிகள் சங்கத்தில் உறுப்பினர்கள் நேராகத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஏழு வட்டாரங்களும் தலா ஒரு பிரதிநிதியை அனுப்பும். வட்டாரத்தில் யாருக்கு ஓட்டு அதிகமோ அவருக்கே பிரதிநிதி கை தூக்க வேண்டும். நான்கு கைகள் கிடைத்தவர் தலைவர். சிராங்கூன் சாலையில் அறுபது கடை, சாங்கியில் ஐந்தே கடை. இரண்டுக்கும் ஒரே கை. பெரிய வட்டாரம் மற்றவர்களை அமுக்கிவிடக் கூடாதென்று சங்கத்தை ஆரம்பித்தவர்கள் எழுதிய விதி இது.

நான் மூட்டை தூக்கி முன்னுக்கு வந்து மொத்த வியாபாரம் பிடித்தவன். கனி பாய் காப்பித்தூள் விற்றவர். அவர் கடை என் கிடங்கில் ஒரு மூலைக்குக் காணாது. அவர் என்னை எதிர்த்து நின்றபோது சிரித்தேன். சிராங்கூன் சாலையில் பிரியாணி விருந்து வைத்தேன். அறுபதில் ஐம்பத்தெட்டு எனக்கு. மொத்தத்தில் அவரைவிட இரண்டு மடங்கு ஓட்டு. ஆனால் சாங்கியில் அவருக்கு மூன்று, எனக்கு இரண்டு. பொங்கோலில் நான்குக்கு மூன்று. இப்படியே நான்கு சின்ன வட்டாரங்களை அவர் எடுத்துக்கொண்டார்.

“அறுபது கடையில முப்பத்தொண்ணு போதும் அண்ணே. மிச்ச இருபத்தேழு பேருக்கு வீணா சோறு போட்டுட்டீங்க,” என்றார் கனி பாய். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

பிரதிநிதிகள் கூடுவதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஒரு கை மாறினால் நான் தலைவர். அல்வாப் பொட்டலத்தோடு சாங்கிக்கு பஸ் ஏறினேன். பிரதிநிதி ராமையா தன் மளிகைக் கடை வாசலில் எனக்கு முக்காலி போட்டார்.

“முதலாளி, மூணு வருஷமா உங்ககிட்டதான் அரிசி எடுக்கறேன். நீங்க இங்க வர்றது இதுதான் முதல் தடவை லா.”

“வேலை அப்படி, ராமையா.”

“கனி பாய் மாசாமாசம் வர்றாரு. காப்பித்தூள் ஒரு கிலோ கொடுத்துட்டு ரெண்டு மணி நேரம் பேசிட்டுப் போவாரு. அது கிடக்கட்டும். மூணு கடைக்காரங்க அவருக்குப் போட்டுத்தான் என்னை அனுப்பறாங்க. என் கையை நானே மாத்தினா, நாளைக்கு இந்தத் தெருவுல எப்படி நடப்பேன்?”

அல்வாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்துக் கனி பாய் என் கடைக்கு வந்தார். வழக்கம்போல் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “சாங்கி பஸ் ரொம்பக் குலுக்கியிருக்குமே, அண்ணே?” என்றார். அவ்வளவுதான். சங்கத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாகப் போயிருக்கும். நான்கு கைகளோடு தலைவரானார். அடுத்த தேர்தலிலும் என்னைத் தோற்கடித்தார்.

உறுப்பினர்களே நேராக ஓட்டுப் போட வேண்டும் என்று அன்றிலிருந்து வருஷந்தோறும் தீர்மானம் கொண்டுவந்தேன். “உங்க கணக்கும் நியாயம்தாண்ணே. ஆனா அப்புறம் சாங்கிக்கு எவன் பஸ் ஏறுவான்?” என்று கேட்டு உட்கார்ந்துவிடுவார். சின்ன வட்டாரத்துப் பிரதிநிதிகள் நான்கு பேரும் எதிர்த்துக் கை தூக்க, தீர்மானம் தோற்கும்.

இப்போது காரியதரிசி சொல்கிறார்: “இந்தத் தடவை எதிர்த்துப் பேச ஆளில்லை முதலாளி. விதி மாறிடும், நீங்கதான் தலைவர்.” உண்மைதான். ஆனால் தீர்மானத்தை நான் வாபஸ் வாங்கிவிட்டேன். அவர் இல்லாத சபையில் விதியை மாற்றித் தலைவரானால், கனி பாயை ஜெயிக்க முடியாதவன் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகும்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பொறாமைதான். அது ஆறவில்லை, ஆற்றவும் எனக்கு மனமில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பொங்கோலுக்குப் போகிறேன். அங்கே ஏழு கடைகள். நான்கு வேண்டும்.