சிவந்த பாறைகளும் யோகண்ணையின் குளிர்கோட்டும்

நேற்று எங்கள் யூனியன்வில் வீட்டுக் குசினியில் வினாகிரிப் போத்தல் ஒன்று கைதவறி விழுந்து உடைந்தது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டாள். நான் துடைக்கும் துணியோடு அங்கேயே நின்றுவிட்டேன். அந்தப் புளித்த மணம் எனக்குச் சமையலை நினைவூட்டுவதில்லை. படம் கழுவும் இயந்திரத்தைத்தான் நினைவூட்டும். சிரிக்காதீர்கள். என் இருபத்திரண்டாவது வயதிலிருந்து பல வருடங்கள் அந்த மணத்தைத் தலைமயிரில் சுமந்து திரிந்தவள் நான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் ஒரு பிளாசாவுக்குள், ஒரு மணித்தியாலத்தில் படம் கழுவித் தரும் சின்னக் கடை. படச்சுருளை இயந்திரத்துக்குள் விட்டு, வெளியே வரும் படங்களைச் சரிபார்த்து உறையில் போடுவது என் வேலை. அதனால் ஊர்ச் சங்கதி எல்லாம் எனக்கு அத்துப்படி. பிறந்தநாள் கேக், பூப்படைந்த பிள்ளையின் சாமத்தியச் சடங்கு, புதுக் காரில் சாய்ந்து நிற்கும் மாப்பிள்ளை. முதல் பனியில் நின்று எடுத்து ஊருக்கு அனுப்பும் படங்களுக்கோ கணக்கே இல்லை. நானும் ஒன்று அனுப்பினேன். அதில் என் மூக்கு மட்டும்தான் தெரிந்தது.

இவற்றுக்கு நடுவில் யோகண்ணையின் படங்கள் வேறு கிரகத்திலிருந்து வந்தவை போலிருக்கும். அவர் லொறி ஓட்டுபவர். குளிர்காலத்தில் அரிசோனாவிலிருந்து ரொறன்ரோவுக்குச் சலாட் இலை ஏற்றி வருவார். ஓய்வு கிடைத்தால் அங்குள்ள பூர்வகுடிகளான நவஹோ மக்களின் நிலத்துப் பக்கம் போய்ப் பாறைகளைப் படமெடுப்பார். வெறும் மண்ணிலிருந்து கோபுரம்போல எழும்பி நிற்கும் சிவந்த பாறைகள். காலை வெயிலில் ஒரு நிறம், பின்னேரம் அதே பாறை இன்னொரு நிறம்.

“என்ன அண்ணை, ஒரு சனத்தையும் காணேல்லை?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கல்லு ஒண்டும் சொல்லாது பிள்ளை. ஆக்களெண்டால் கேட்டெல்லோ எடுக்கோணும். சுற்றுலாக்காரர் பஸ்ஸிலை வந்திறங்கி, அந்தச் சனத்தின்ரை வாசலிலை நிண்டு, கேக்காமல் எடுத்துப்போட்டுப் போறாங்கள். எங்களை அகதி முகாமிலை வைச்சு எடுத்தமாதிரி.”

அப்படி எடுத்த படமொன்றில் தானும் நின்றதாகச் சொன்னார். அந்தப் படத்தை அவர் இன்றுவரை கண்டதில்லை.

பிறகு ஒரு மாசி மாத மத்தியானம், ஒரேயொரு படச்சுருளுடன் வந்தார். தெருவோரத்தில் பாசிமாலை விற்கும் நவஹோப் பெண் ஒருத்தியின் வண்டி ஸ்ராட் ஆகாமல் நின்றிருக்கிறது. யோகண்ணை தன் பற்றரியில் வயரைக் கொழுவி அதை உயிர்ப்பித்திருக்கிறார். அவள் வீட்டுக்குக் கூட்டிப்போனாளாம். மரமும் மண்ணும் சேர்த்துக் கட்டிய, கிழக்குப் பார்த்த வட்ட வீடு. ஒரு பட்டி நிறைய ஆடுகள், வயதான தாய்.

“தாயையும் ஆடுகளையும் எடுக்கட்டோ எண்டு கேட்டன். ‘எல்லாரும் அனுப்புறம் எண்டு சொல்லித்தான் போறவை, ஒண்டும் வாறேல்லை’ எண்டு சொன்னா. ‘நான் அனுப்பமாட்டன், கொண்டந்து தருவன்’ எண்டிட்டன். நாளைக்கு விடியப் பயணம் பிள்ளை.”

சுருளை உள்ளே விட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, இயந்திரம் கத்தத் தொடங்கியது. சுருள் முதல் தொட்டியிலேயே சிக்கிவிட்டது. அங்கே கிடக்கக் கிடக்கப் படம் கறுத்துப்போகும். மூடியைத் திறந்தாலோ வெளிச்சம் பட்டு எல்லாம் போய்விடும். கடையின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, வெளியே பனியில் வெயில் பளீரென்று அடிக்கிறது.

“என்ன பிள்ளை உது கத்துது?”

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். “சிக்கிட்டுது அண்ணை” என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் ஏசவில்லை. “இப்ப என்ன செய்யோணும்?”

“வெளிச்சம் படாமல் திறக்கோணும். உங்கட கோட்டைக் கழட்டுங்கோ!”

முழங்கால் வரை நீண்ட அவருடைய குளிர்கோட்டை இயந்திரத்தின்மேல் போர்த்தி, அதற்குமேல் என் கோட்டையும் போட்டோம். அவர் ஓரங்களை அமத்தியபடி இயந்திரத்தைக் கட்டிப்பிடித்துப் படுத்துக்கொண்டார். நான் அவருடைய கோட்டுக் கைகளுக்குள் வெளியிலிருந்து என் கைகளை நுழைத்து, தடவித் தடவி மூடியைத் திறந்தேன். இளஞ்சூட்டுத் திரவம், பற்சக்கரங்கள், மடிந்து கசங்கிய சுருள். “மூச்சு விடாதேங்கோ அண்ணை” என்றேன். மூச்சுக்கும் வெளிச்சத்துக்கும் என்ன தொடர்பு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் உண்மையாகவே மூச்சை அடக்கினார். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த அன்ரி ஒருவர், எங்கள் கோலத்தைக் கண்டு, “நான் பிறகு வாறன்” என்று திரும்பிப் போய்விட்டார்.

சுருளை விடுவித்து அடுத்த தொட்டியில் விட்டேன்.

மடிந்த இடத்தில் ஐந்து படங்கள் போயிருந்தன. ஐந்தும் பாறைகள். சுருளில் தாயின் படம் மிகவும் கறுத்திருந்தது. ஒளியைக் கூட்டிக் கூட்டி மூன்றாம் முறை அச்சிட்டபோது, மணற்காற்றுக்குள் நிற்பதுபோல அவர் மெல்ல வந்தார். முகத்துச் சுருக்கங்கள், கழுத்தில் நீலக்கல் மாலை, முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு ஆடு, எல்லாம் இருந்தன. நான் அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். யோகண்ணைக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

“கல்லுத்தானே போனது. அது அங்கைதான் நிக்கும்.”

இரண்டு கிழமை கழித்து வந்தார். “தாயின்ரை கையிலை குடுத்தன் பிள்ளை. வாசல் வெளிச்சத்திலை கனநேரம் பாத்திட்டு, சுவரிலை ஆணி அடிக்கச் சொன்னா.” அந்தத் தாயின் மகள் யோகண்ணையின் கமராவை வாங்கி அவரையும் ஒன்று எடுத்திருந்தாள். “கேட்டிட்டுத்தான் எடுத்தவ” என்றார். லொறிக்கு முன்னால், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் அந்தப் படத்தைக் கழுவியபோது, இயந்திரம் ஓடி முடியும்வரை நான் பக்கத்தை விட்டு அசையவில்லை.

யோகண்ணை இப்போது மில்லிக்கனில் இருக்கிறார். முதுகுவலி வந்து லொறியை விட்டுவிட்டார். கைக்குக் கை டிஜிற்றல் கமரா வந்ததும் கடை படுத்துவிட்டது. மூடும் வாரம், யாரும் எடுக்க வராத உறைகளை எறியச் சொன்னார் முதலாளி. ஒரு பெட்டி நிறைய இருந்தன. எனக்கு மனம் வரவில்லை. உறைகளில் எழுதியிருந்த தொலைபேசி இலக்கங்களைப் பார்த்து, பெயர் பெயராக அழைத்தேன். நான்கு பேர் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். மற்ற இலக்கங்களில் வேறு ஆட்கள் குடியிருந்தார்கள். மிச்சப் பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன்.