வெளிநாட்டுக்குப் போன என் போட்டோ

இதை எழுதலாமா வேண்டாமா என்று பத்துப் பன்னிரண்டு வருஷம் யோசித்துவிட்டேன். எட்டாவதோடு நின்றவள் நான். எழுத்துப் பிழை வருமே என்று பயமில்லை. அம்மாவைப் பற்றி ஒரு சொல் தப்பாக விழுந்துவிடுமோ என்றுதான் பயம். போன புரட்டாசி சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போட்டுவிட்டு, அவன் பேரைச் சொல்லி நோட்டைத் திறந்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. உத்திரமேரூரிலிருந்து ஏழு மைல் தள்ளி எங்கள் ஊர். பள்ளிக்கூடம் எட்டாவது வரைதான். மேலே படிக்க வேண்டுமென்றால் காஞ்சிபுரத்தில் ஆஸ்டலில் தங்க வேண்டும். நிலம் இருந்தும் ஏரியில் தண்ணீர் இல்லாத வருஷம், எங்களால் ஆகாது. அப்போதுதான் எங்கள் ஊர் மாதர் சங்கத்தை நடத்தி வந்த டீச்சரம்மா ஒரு கடிதம் கொண்டுவந்தார். ஏதோ குளிர் தேசத்தில் ஒரு பெண்கள் சங்கம் இருக்கிறதாம். அந்த அம்மாமார்கள் கேக் சுட்டு விற்றும், கம்பளிச் சட்டை பின்னி விற்றும் நம் பக்கத்துப் பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்களாம். எட்டாவது முடிக்கிற பெண்களின் போட்டோவும் குடும்ப விவரமும் அனுப்பினால் போதுமாம்.

“துரைசானிங்க நமக்கோசரம் அடுப்பாண்ட நின்னுகினு கீறாங்களா!” என்று பக்கத்து வீட்டு நெசவுக்கார அத்தை வாயில் கை வைத்தாள்.

“ஏன், அவங்களுக்கு மட்டும் பொண்ணு புள்ள கெடையாதா?” என்றாள் அம்மா.

எட்டாவதில் பெண்கள் இரண்டே பேர். நான் ஒருத்தி. இன்னொருத்தி ஏரிக்கரையில் குடியிருந்த பெண். அவளுக்கு அப்பா இல்லை. அவள் அம்மா களை பறிக்கக் கூலிக்குப் போவாள்.

போட்டோ எடுக்கிற அன்று சங்கத்துப் பெண்கள் எல்லாரும் எங்கள் வீட்டில் கூடிவிட்டார்கள். டீச்சரம்மா, “ஸ்கூலுக்கு வர்ற துணியே போதும்” என்றார். யார் கேட்டார்கள்?

“நம்மூரு பொண்ணு கடல் தாண்டிப் போவுது. ஏனோதானோன்னு அனுப்பினா அந்த அம்மாங்க இன்னா நெனைப்பாங்க?” என்றாள் அத்தை.

“இல்லாதவங்கன்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கினா போவணும்?” என்றாள் அம்மா.

அத்தை தன் மகளுடைய அரக்குப் பட்டுப் பாவாடையைக் கொண்டுவந்தாள். மணியக்காரர் வீட்டம்மா கழுத்திலிருந்த அட்டிகையைக் கழற்றி எனக்குப் போட்டார். ஜிமிக்கி ஒருத்தியுடையது, வளையல் ஒருத்தியுடையது. தாழம்பூ வைத்துப் பின்னினார்கள். உத்திரமேரூர் ஸ்டுடியோக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, “கல்யாணப் பொண்ணா?” என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாங்கள் உத்திரமேரூர் போன பஸ்ஸிலேயே ஏரிக்கரைப் பெண்ணும் போட்டோ எடுக்க வந்தாள். வெளுத்துப்போன தாவணி. அவளுக்கு ஒரு முழம் பூ கொடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. நான் அதைக் கவனித்தேன். எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது. பெருமாள் மன்னிக்கட்டும்.

பங்குனியில் பதில் வந்தது. டீச்சரம்மா எங்கள் வீட்டுக்கு வந்து படித்துச் சொன்னார். போட்டோக்களைப் பார்த்து ரொம்பவும் மகிழ்ந்தார்களாம். பட்டும் நகையுமாக நிற்கிற பெண்ணின் வீட்டில் குறையொன்றும் இல்லை என்று தெரிகிறதாம். ஆகவே மற்றப் பெண்ணைத் தாங்கள் படிக்க வைக்கிறார்களாம்.

“பாவி, நானே பட்டைக் குடுத்து இவ படிப்பக் கெடுத்தேனே” என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

டீச்சரம்மா குரலைத் தணித்தார். “இன்னும் கெட்டுப்போகல. போட்டது எல்லாம் இரவல்னு நான் எழுதறேன், நீங்க ஒரு கைநாட்டு வைங்க. இவதான் நல்லா படிக்கிறவ. மாத்திக்குவாங்க. ஒருத்திக்குத்தான் அவங்களால முடியுமாம்.”

“அப்ப அந்தப் பொண்ணு?” என்றாள் அம்மா.

டீச்சரம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா, “இரவல்னு கைநாட்டு வெக்க என் கை வராது டீச்சரம்மா. ஊருல மானத்தோட கீறோம்” என்றாள். அவ்வளவுதான்.

நான் தரையில் விழுந்து புரண்டேன். “உன் வீறாப்புக்கு என் படிப்பா?” என்று கத்தினேன். ஒரு அடி கொடுத்திருந்தால்கூடத் தேவலை. அவள் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். அம்மா தன் கல்யாணத்துக்கு வந்த தகரப் பெட்டியைக் காலி செய்தாள். புடவைகளை ஒரு துணியில் மூட்டை கட்டினாள். பெட்டியின் கீலுக்கு விளக்கெண்ணெய் விட்டு, தலையில் தூக்கிக்கொண்டு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். ஏரிக்கரை வீட்டு வாசலில் அதை இறக்கி வைத்து, “ஏமே, ஆஸ்டல்ல துணிமணி களவு போவும். இத்த வெச்சுக்க. பூட்டு நல்லாத்தான் கீது” என்றாள். நான் எங்கும் போகக்கூடாது என்றுதான் பெட்டியையும் கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். அன்றிலிருந்து வெகுநாள் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தப் பெண் நர்ஸ் ஆனாள். எனக்குப் பத்தொன்பதில் கல்யாணம். “பட்டுக்கு ஆசப்பட்டுப் படிப்ப வுட்ட குடும்பம்” என்று எங்கள் சொந்தத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். போய்ச் சேருகிற வரைக்கும் மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் அப்படியேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

டீச்சரம்மா கடிதம் படித்த அன்றைக்கு நான் அந்த அறையில்தான் இருந்தேன். அம்மா கேட்டதும் காதில் விழுந்தது, டீச்சரம்மா குனிந்ததும் தெரிந்தது. பதிமூன்று வயசில் மானம் என்ற வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொன்னால் எனக்குப் புண்ணியம். கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். பட்டையும் அட்டிகையையும் சொல்லுங்கள், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். “அப்ப அந்தப் பொண்ணு?” என்று அம்மா கேட்டதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.