ஃபில்டரில் வராத பெயர்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் தொழிற்சாலையை விரிவாக்கிக்கொண்டிருந்த காலம். திட்டப் பிரிவில் ரிப்போர்ட் எடுப்பது என் வேலை. திரை நிறைய வரிகள், முடித்த வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. தேதி, பகுதி, பொறுப்பாளர் என்று ஃபில்டர் போடப் போட அவை அடங்கும், கூடவே என் மனசும். வெளியே புகை, லாரி, இரும்பை அறுக்கிற ஓலம். உள்ளே நான், வேண்டாததை மறைத்து மறைத்து ஒரு அமைதியைச் செய்துகொண்டிருந்தேன்.

பைப் வேலையில் இருந்த ஒப்பந்த ஆட்களில் ஒருவரை நிறுத்த வேண்டும், யார் குறைவாக முடித்திருக்கிறார் என்று மேலாளர் கேட்டார். பெயர்வாரியாக ஃபில்டர் போட்டேன். கடைசியில் நின்றவர் ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஃபிட்டர். நாலே வரி. அந்தப் பெயரை மேலாளருக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் டீ நேரத்தில் ஹெல்மெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவரே வந்தார்.

"இன்னா மேடம், ரெண்டு வருசமா நான் ஈ ஓட்டிக்கினா இருந்தேன்?"

ஃபில்டரை நீக்கினேன். முடித்த வேலைகளின் புகைப்படங்களைத் திறந்தேன். வால்வைப் பிடித்தபடி, டேப்பை நீட்டியபடி, சுண்டுவிரல் நகம் கறுத்த ஒரு கை. பக்கத்தில் நின்றவரின் கையைப் பார்த்தேன். அதே நகம்.

ஒப்பந்த ஆட்களுக்கு பாஸ்வேர்டு கிடையாது. சூப்பர்வைசர் பெயரில் திறந்திருக்கும் டேப்லெட்டில்தான் படம் எடுத்துப் பதிவு செய்வார்கள்; வேலை சூப்பர்வைசர் பெயரில் ஏறிவிடும். பிறகு தன் பெயரை எடுத்துவிட்டுச் செய்தவர் பெயரைப் போடுகிற சூப்பர்வைசர்களும் உண்டு. பலர் மெனக்கெடுவதில்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஃபில்டர் போட்டேன்.

ஃபிட்டரின் சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். படங்களைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் அவன் பேர்ல மாத்திட்டா, நீ இன்னாய்யா பண்ணேன்னு என்னைக் கேப்பாங்களே மேடம்."

"அண்ணே, பாதி குடுங்க. மீதிய நீங்களே வச்சுக்கினு இருங்க," என்றார் ஃபிட்டர். சிரித்தபடிதான் சொன்னார். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

பாதி வரிகளில் பெயரை மாற்றினேன். அதே ஃபில்டரை மறுபடி போட்டேன். ஃபிட்டர் மேலே ஏறினார். பட்டியலின் அடியில் இப்போது இன்னொரு பெயர், திருநின்றவூரிலிருந்து ரயிலில் வரும் ஒரு வெல்டர். முகம் ஞாபகமில்லை. ஒன்பது வரி.

அவர் வேறொரு சூப்பர்வைசரின் ஆள். அந்த சூப்பர்வைசர் பெயரில் இருந்த படங்களையும் திறந்து பார்த்திருக்கலாம். மேலாளர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். திருத்திய ரிப்போர்ட்டை அனுப்பினேன்.

மாதக் கடைசியில் வெல்டரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். என்னிடம் வந்து கேட்கவில்லை. கேட்க ஓர் இடம் இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். அந்தப் படங்களை நான் இன்றுவரை திறக்கவில்லை.