இந்தியர் ஒருவர்

டிவி நாடகத்தில் இந்தியராக நடிப்பது சுலபமான தொழில். பிறந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதிக்குத் தலையை ஆட்ட வேண்டும். எண்பதுகளில் நான் நடித்த மலாய் நாடகங்களில் எனக்குப் பெயரே கிடையாது. வசனத்தாளில் ‘இந்தியர் ஒருவர்’ என்றுதான் இருக்கும். ஆபீஸிலோ பள்ளியிலோ அப்படி ‘ஒருவராக’ இருந்து பழகிய உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

சுத்தமான மலாய்

முதல் வேடம் பால்காரர். பள்ளியில் எனக்கு மலாய் நன்றாக வரும். வீட்டுக்கார அம்மாவிடம் நலம் விசாரிக்கும் வரியைப் பிசகில்லாமல் சொன்னேன். டைரக்டர் கேமராவை நிறுத்தச் சொன்னார். மலாய்க்காரர், தங்கமான மனுஷர். தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப்போய் அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: “ரொம்ப நல்லா பேசுறீங்க பாஸ். ஆனா கண்ணை மூடிக் கேட்டா இந்தியர்னு தெரியலையே. முன்னால ஒரு ‘ஐயோயோ’ போட்டுக்குங்க.”

முகிபா

போட்டுக்கொண்டேன், வேலை நிற்காமல் வந்தது. ஒருமுறை இன ஒற்றுமையைக் காட்டும் சின்னப் படம். அதை மலாயில் முகிபா என்பார்கள்; அதற்கு நம் ஊர் வரிசை தெரியும்தானே: மலாய்க்காரர், சீனர், இந்தியர். முதலாமவர் அழகாகப் பேசினார். இரண்டாமவர் ஆமோதித்து இரண்டு வார்த்தை சேர்த்தார். நான் புது வேட்டியில் சிரித்தபடி நின்றேன். எனக்கும் ஒரு வரி கிடைக்குமா என்று உதவி டைரக்டர் சேகரிடம் கேட்டேன். கிள்ளான்காரன், நம்ம ஆள்தான். “நீங்க சிரிச்சாலே ஒற்றுமை வந்துருது அண்ணே. பேசினா டைம் இழுக்கும்லா” என்றான்.

வீட்டு விமர்சனம்

என் மகள் கவிதா அப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் ஆரம்பப் பள்ளியில் படித்தாள். வகுப்பில் அவளுக்கு ‘ஐயோயோ மகள்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு வராத பெயர் அவளுக்கு வந்துவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டில்தான் எனக்கு அது தெரிந்தது. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அடுத்த தடவை ஒரு பேரோட வாங்கப்பா. நம்ம வீட்ல பேசுற மாதிரி சும்மா பேசுங்க.”

டாக்டர் சந்திரன்

தவமாய்த் தவமிருந்து வந்தது அந்த வேடம். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், பெயர் டாக்டர் சந்திரன். ஒரு தாயிடம், ‘உங்கள் பிள்ளை பிழைத்துவிட்டான்’ என்று மலாயில் சொல்ல வேண்டும். ஐயோயோ இல்லாமல், தலையை ஆட்டாமல் சொன்னேன். யாரும் நிறுத்தவில்லை. வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஒளிபரப்பான அன்று கவிதா தன் வகுப்புத் தோழிகளை வீட்டுக்கு அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்தாள். டாக்டர் வந்தார். வாயைத் திறந்தார். வேறு யாருடைய குரலோ, “ஐயோயோ!” என்று ஆரம்பித்துப் பிள்ளை பிழைத்த சேதியைச் சொன்னது. என் குரலை எடுத்துவிட்டுப் பொருத்தமான குரல் போட்டிருந்தார்கள். தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கவிதா மட்டும் டிவியை விட்டுத் திரும்பாமல் அவர்களுக்கு விளக்கினாள்: “மூஞ்சிதான் எங்கப்பா. குரலு அவங்க போட்டது.”

எந்தத் தொழிலுக்கும் முகராசி வேண்டும் என்பார்கள். எனக்கு அது தாராளமாகவே இருந்தது, குரல்தான் கடைசிவரை யாருக்கும் தேவைப்படவில்லை.