எங்கே போகிறீர்கள் என்று கேட்கிற வேலை

காலை ஆறரைக்குக் கவுண்டர் திறக்கும். டையை இறுக்கிக்கொண்டு நான் உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்ததும் முதல் பயணி பெட்டியைத் தூக்கித் தராசில் வைப்பார். அவரைப் பார்த்து நான் சிரிக்க வேண்டும். சிரிப்பு மறைவதற்குள், "இன்றைக்கு எங்கே போகிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். பயணச்சீட்டு என் கையில்தான் இருக்கும். அதில் ஊர்ப்பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். ஆனாலும் கேட்க வேண்டும், கேட்பதுதான் உபசாரம் என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கிலாந்தின் பெரிய விமான நிலையங்களில் ஒன்று இது. பெயரைச் சொல்லவில்லை, சம்பளம் தருகிறவர்களை ஊர்வம்பில் இழுக்கக் கூடாது. ஜெட் விமானங்கள் வந்த புதிதில் இங்கே கூட்டம் இரட்டிப்பாகியது. இந்தியப் பயணிகளுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

பெட்டியும் கையுமாக வாசல் இறங்குகிறவரிடம் நம் பக்கத்தில் யாராவது இப்படிக் கேட்பார்களா? கேட்டால் அவர் முறைப்பார். வீட்டுக்குள் திரும்பிப் போய், கொஞ்சம் உட்கார்ந்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். போகிற காரியம் விளங்காது என்று பயம். தெரிந்துகொண்டே ஆக வேண்டுமென்றால் "தூரமா?" என்று கேட்டு நிறுத்திக்கொள்வோம். அவராகச் சொன்னால் உண்டு. எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை, நானும் நாலெழுத்துப் படித்தவன்தான். ஆனால் நாக்கு படிக்கவில்லையே. முதல் வாரம் அந்தக் கேள்வி தொண்டைக்குழியிலேயே நின்றுகொண்டது. கடைசியில் எனக்குத் தெரிந்ததை இங்கிலீஷில் போட்டு, "தூரமா சார்?" என்று கேட்க ஆரம்பித்தேன்.

குடை வைத்திருந்த ஒரு கனவான் சற்று யோசித்து, "அது உங்கள் விமானத்தைப் பொறுத்தது என்று நினைக்கிறேன்" என்றார். இன்னொரு அம்மாள், விமானத்துக்கு நடக்க வேண்டிய தூரத்தைத்தான் கேட்கிறேன் என்று எண்ணிக்கொண்டு, தனக்கு முழங்கால் வலி, நாற்காலி வண்டி வேண்டும் என்றாள். வண்டி வரக் கால் மணி நேரமாயிற்று, பின்னால் நின்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். சத்தம் போடவில்லை. இந்த ஊரில் கியூவில் யாரும் சத்தம் போட மாட்டார்கள். வீட்டுக்குப் போய், நிதானமாக டைப் அடித்து, தபால்தலை ஒட்டி அனுப்பிவிடுவார்கள். அப்படி மூன்று கடிதங்கள் வந்தன, என்னைப் பற்றி.

தென்காசியில் நான் பார்த்த வேலையும் ஏறக்குறைய இதுதான். பஸ் கம்பெனி ஒன்றின் புக்கிங் ஆபீசில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். சாரல் விழுந்துவிட்டால் குற்றாலத்துக்குக் கூட்டம் அம்மும். ஈரத் துண்டும் எண்ணெய்த் தலையுமாக ஜன்னல் கம்பிக்குள் பத்துக் கைகள் ஒரே சமயத்தில் நுழையும். ஊரில் எல்லாம் சீராக நடந்தது என்று எழுத நான் வரவில்லை. உட்கார ஒரு பலகை கிடையாது. பஸ் எப்போது வரும் என்று கேட்டால், "வரும்போது வரும், முண்டாதீங்கய்யா" என்று எரிந்து விழுவேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாய் தவறி ஒரு பெரியவரிடம் "எங்க போறிய?" என்று கேட்டுவிட்டேன். அவர் வீட்டார் எட்டுப் பேர் பெண் பார்க்கக் கிளம்பியவர்கள். "ஏலே, வெளங்குவியாலே நீ? ஒங்க வீட்ல ஒனக்கு இதுகூட சொல்லித் தரலியா?" என்று பஸ் நிலையமே திரும்பிப் பார்க்கும்படி ஏசினார். எட்டுப் பேரும் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்தார்கள். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் என் அப்பா பெயரைக் கேட்டு, எங்கள் ஊர் மேலகரத்தில் யார் வீடு என்று விசாரித்து, கடைசியில் வெற்றிலையும் மடித்துக் கொடுத்துவிட்டார். ஏசினவரே கொடுத்தார் என்பதுதான் விசேஷம்.

டைப் அடித்த கடிதங்கள் வெற்றிலை கொடுப்பதில்லை. மூன்றாவது கடிதம் வந்ததும் மேற்பார்வையாளர் மிஸஸ் பிரைஸ் என்னை அறைக்கு அழைத்தாள். கெட்டவள் இல்லை. தேநீர் கொடுத்தே பேசினாள். என் ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிய மூன்று வாரம் இருந்தது. ஒரு பயணிக்கு ஒன்றரை நிமிடம், முதலில் சிரிப்பு, பிறகு அந்தக் கேள்வி, வார்த்தை மாறக் கூடாது. தானே பின்னால் நின்று பார்க்கப் போவதாகச் சொன்னாள். "உங்கள் 'தூரமா' யாருக்கும் புரியவில்லை" என்றாள். வேலை நிரந்தரம் என்ற கடிதத்தைக் காட்டினால்தான் குடும்பத்துக்கு வீடு வாடகைக்கு விடுவேன் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். என் மனைவி பார்வதி மேலகரத்தில் அவள் அண்ணன் வீட்டில் மூன்று வருஷமாகக் காத்திருந்தாள். எப்போது கூட்டிப் போகிறீர்கள் என்று அவள் கடிதங்களில் கேட்பதை நிறுத்தி வெகுநாளாகியிருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். பத்து நாளில் நாக்கு படிந்துவிட்டது. எங்கே போகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று ஒரு நாளைக்கு இருநூறு தடவை. மிஸஸ் பிரைஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தலையசைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை நல்ல கூட்டம். என் வரிசையில் ஐம்பதைத் தொடும் ஓர் அம்மாள், சுங்கடிச் சேலைமேல் ஆண்பிள்ளைக் கோட்டுப் போட்டு, தகரப் பெட்டியைக் காலால் தள்ளிக்கொண்டே வந்தாள். பெட்டியில் வெள்ளைப் பெயின்டில் தமிழில் எழுதியிருந்தது, ஆய்க்குடி. எனக்குள் என்னவோ அசைந்தது. ஆய்க்குடிக்கு நான் எத்தனை டிக்கெட் கிழித்திருப்பேன்! வாசலில் போர்ட்டர் அவளிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டதைப் பார்த்தேன். வரிசைக்குக் கயிறு கட்டிய இடத்தில் இன்னொருவன் கேட்டான். ஒவ்வொரு தடவையும் அவள் முகம் சுருங்கிற்று, பதில் சொல்லாமல் சீட்டை மட்டும் நீட்டினாள். பிறகு என் முன்னால் வந்து, பெட்டியைத் தராசில் வைத்து, என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்து, முகம் மலர்ந்து, "ஏ தம்பி, நம்ம பக்கத்து ஆளா?" என்றாள்.

நான் சிரித்தேன். கண்ணாடி முன்னால் செய்த பயிற்சி தானாக வாயைத் திறந்தது. அதுவும் சுத்தமான நம்மூர்த் தமிழில்.

"எங்க போறிய அக்கா?"

அவள் மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது. "நீயுமாய்யா கேக்கே?" என்றாள். "எங்க வீட்டுக்காரவுக கெடையா கெடக்காக. தந்தி வந்து ஓடுதேன். தம்பியப் பாக்க வந்த எடத்துல இப்பிடி ஆகிப்போச்சு. அந்த வெள்ளக்காரங்க கேட்டாங்க, சரி, அவுகளுக்குத் தெரியாது. ஒனக்குமா தெரியாது?"

அவள் தராசிலிருந்து பெட்டியை இறக்கினாள். "கொஞ்சம் இருந்துட்டு, ஒரு மடக்குத் தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று சொல்லி, சுவரோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். தண்ணீர் என் பின்னால் இருந்தது. ஊழியர்களுக்கு வைத்த கண்ணாடி ஜாடி, எழுந்தால் நாலு எட்டு. அதன் பக்கத்தில் மிஸஸ் பிரைஸ் நின்றாள். நான் எழுந்திருக்கவில்லை. "நெக்ஸ்ட் ப்ளீஸ்" என்றேன். அடுத்து வந்தவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன், அவர் ரோம் என்று சந்தோஷமாகச் சொன்னார்.

தண்ணீர் அவளுக்குக் கிடைத்ததா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றே குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து வேறு கவுண்டரில் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். அந்த விமானத்திலேயே போனாள், ஏட்டில் பெயர் இருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அடுத்த வாரம் நிரந்தரக் கடிதம் வந்தது. வாடிக்கையாளர் உபசாரத்தில் நல்ல முன்னேற்றம் என்று அதில் எழுதியிருந்தார்கள். அதை வீட்டுக்காரரிடம் காட்டி வீடு பிடித்தேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் பிடித்தேன்.

பார்வதியை அழைத்துப் போக ஆனி மாதம் மேலகரம் வந்தேன். சாரல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஆய்க்குடி பஸ் ஏற இரண்டு தடவை ஸ்டாப்பு வரை போனேன். அந்த அக்கா வீட்டுக்காரர் பிழைத்தாரா என்று ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு வந்திருக்கலாம். பஸ் வந்தது, நின்றது, போனது. நான் ஏறவில்லை. மோசமான பதில் கிடைத்தால் அதை எங்கே வைத்துக்கொள்வது?

மூன்றாம் நாள் காலையில் பார்வதியின் அண்ணன் குடையை எடுத்துக்கொண்டு, வேட்டியைத் தட்டிக் கட்டி, செருப்பை மாட்டினார். செங்கோட்டையில் மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கக் கிளம்புகிறார் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் படியில் கால் வைத்தார். நான் நிமிர்ந்து பார்த்தேன், சிரித்தேன்.

"எங்க போறிய அத்தான்?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். தென்காசி பஸ் நிலையமே திரும்பிப் பார்க்கும்படி அந்தப் பெரியவர் ஏசினாரே, அதைப்போல ஒன்று வரும் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அத்தான் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து உட்கார்ந்தார். பார்வதி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "அண்ணே, கோவிச்சுக்கிடாதிய" என்றாள்.

"இதுக்குப் போயி என்னட்டி கோவம்?" என்றார் அத்தான், என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துக்கொண்டே. "அவுகளுக்குத் தெரியாது."

ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார். செம்பு தரையில் இருந்தது. எடுத்து, நானும் கிளம்புகிறவன்போல மீதித் தண்ணீரைக் குடித்தேன். எங்கே கிளம்புகிறேன் என்று என்னை யாரும் கேட்கவில்லை.